பெயர் சொல்லாமல் சொன்ன உத்தரவு

தோவாளையில் எங்கள் தெருவுக்கு நேர் மேலாகத்தான் மதுரை விமானம் போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைக் கடந்து, எங்கள் வயல்களின் மேல் வந்ததும் மூக்கைச் சற்றே தாழ்த்தி, மேற்கே திரும்பிக் கடற்கரையை நோக்கிச் செல்லும். பிறகு கரையை ஒட்டி வடக்கே போய், பஸ்ஸில் போனால் அரைநாள் பிடிக்கும் ஒரு விமானத்தளத்தில் இறங்கும். நாடு சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நாங்கள் அப்போதும் திருவிதாங்கூர் கொச்சி சர்க்காருக்குக் கீழேதான் இருந்தோம்.

அந்த விமானத்தில் விமானிக்குப் பின்னால் அமர்ந்து வயர்லெஸ் கருவியில் பேசுகிறவர் என் தங்கையின் கணவர். அது இறங்கவேண்டிய தளத்தில் ஓர் அறைக்குள் அமர்ந்து, வருகிற விமானங்களுக்கும் போகிற விமானங்களுக்கும் உயரமும் வழியும் சொல்லி உத்தரவு கொடுக்கிறவர் என் கணவர். யுத்தகாலத்தில் பட்டாளத்தில் வயர்லெஸ் கற்றுக்கொண்டு வந்து, அந்த உத்தியோகத்தைப் பெற்றிருந்தார். அங்கேயே தங்கி வேலை பார்த்து, வாரத்தில் ஓரிரு இரவு வீட்டுக்கு வந்துபோவார். மேலே ஒருவர், கீழே ஒருவர். ஊருக்குத் தெரிந்தது மேலே இருந்தவரை மட்டுமே.

எனக்குப் பொறாமை இருந்தது. இதை எழுத உட்கார்ந்தபோது, அதற்குக் கௌரவமான வேறு பெயர் ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு தானாகவே படித்துக்கொண்டவளுக்கு எட்டியவரையில் தேடினேன்.

விமானத்தின் சத்தம் கேட்டால் தெருவே வெளியே வந்துவிடும். பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நாரைக் கையில் பிடித்தபடியே எழுந்து வருவார்கள். எதிர்வீட்டு மதினி என் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“ஏட்டி, உன் தங்கச்சி மாப்ள போறாரு. பாத்தியா?”

“பாத்தேன் மதினி.”

“எம்புட்டு தாழக் கொண்டாறாரு பாரு. மாமியார் வீட்டு ஓட்டை எண்ணிட்டுப் போறாரு போல.”

விமானத்தை ஓட்டுகிறவர் வேறொருவர், என் தங்கை கணவர் அதில் பேசுகிறவர் மட்டுமே என்று எத்தனை முறை சொன்னாலும் மதினிக்கு ஏறவில்லை. ஒருமுறை நான் வேறுவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“எங்க வீட்டு அவிய உத்தரவு சொல்லாம அந்த விமானம் எறங்க முடியாது மதினி.”

“யாரு, உங்க வீட்டு அவியளா? அவிய ரூமுக்குள்ளல்லா இருக்காவ. அங்கேருந்து ஆகாசம் தெரியுமா?”

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அப்பாவின் மருமகன்கள் இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது என் தம்பியின் கல்யாணத்தில். நாகர்கோவிலிலிருந்து ஒரு மோட்டார் கார் வாடகைக்குப் பிடித்து மாப்பிள்ளை ஊர்வலம் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்து முறைப்படி, மணமகனுக்குப் பக்கத்தில் அமரவேண்டியவர் அவனுடைய மூத்த அத்தான். என் கணவர் அதற்காகவே சரிகை அங்கவஸ்திரம் அணிந்து, காரின் கதவுவரை போய்விட்டார். அப்போது என் அப்பா, இளைய மருமகனின் கையைப் பிடித்து அழைத்து வந்து உள்ளே உட்காரவைத்தார்.

“ஆகாசத்துல போறவரத் தெருவுல நடக்க வைக்கலாமா?” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

தங்கை கணவர் தயங்கினார் என்பதை நான் பார்த்தேன். ஆனால் இறங்கவில்லை. என் கணவர் மேளக்காரர்களுக்குப் பின்னால், கேஸ் விளக்குத் தூக்கிகளோடு சேர்ந்து பெண்வீடு வரை நடந்தார். அன்றிலிருந்து சகலப்பாடிகள் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதில்லை.

பேசுவதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கள் ஊரில் பிணங்கிக்கொண்ட உறவினர்கள் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. ஆளை விளிக்காமல், முகத்தைப் பார்க்காமல், பொதுவாகக் காற்றில் சொல்லிவிடுவார்கள், கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்வார். அப்பா வீட்டுக் கூடத்தில் நடுத்தூணின் இரு பக்கமும் இருவருக்கும் இலை போடுவோம். என் கணவர் தூணைப் பார்த்து, “எரிசேரி நல்லாருக்கு, வேணுங்கவங்க வாங்கிக்கிடலாம்” என்பார். தங்கை கணவரும் தூணைப் பார்த்து, “நாளைக்கு மழை உண்டும்னு சொல்லுதாவ, பஸ்ஸுக்குப் போறவங்க குடை எடுத்துக்கிடணும்” என்பார். பதிலுக்கு ஓர் உறுமல் வரும்.

என் அம்மை ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஏட்டி, அந்தத் தூணுக்கும் ஒரு எலை போடுங்க. ரெண்டு பேரும் அதுகிட்டத்தான் பேசுதாவ, பாவம் பசிக்கும்லா” என்றாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் என்னையும் அப்படித்தான் அழைப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. “இந்தா” என்பார், அல்லது தண்ணீர் வேண்டும் என்று சுவரிடம் சொல்வார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை நான் பிணக்காக எண்ணியதில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

விமானங்களோடு பேசுவதற்கு இரண்டு கண்டிப்பான சட்டங்கள் உண்டு என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். உத்தரவு கொடுக்கிறவர், எந்த விமானத்துக்குச் சொல்கிறாரோ அந்த விமானத்தின் பெயரை முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் ஆகாயத்தில் இருக்கும் எல்லா விமானங்களுக்கும் ஒரே சமயத்தில் அந்தக் குரல் கேட்கும். உத்தரவைக் கேட்டவர், தன் விமானத்தின் பெயரோடு அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் இருவரும் இரண்டையும் விட்டுவிட்டார்கள். பெயர் என்பது விமானத்தின் பெயர்தான். அதில் உறவுமுறை ஏதும் இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகு, அதைச் சொல்வதும் அவரை வாய்திறந்து கூப்பிடுவதும் என் கணவருக்கு ஒன்றாகவே இருந்தன. சொன்னதைத் திருப்பிச் சொல்வது, கைகட்டி நின்று உத்தரவு வாங்குவதைப் போலத் தங்கை கணவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆகவே கீழிருந்து பெயரில்லாத உத்தரவு ஒன்று போகும். மேலிருந்து “கிடைத்தது” என்று ஒற்றைச் சொல் வரும்.

“அவனை நான் எதுக்குக் கூப்பிடணும்? சொன்னாக் கேட்டுக்கிடுவான்” என்று ஒருநாள் சோறு உண்ணும்போது என் கணவர் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த ஓர் இடத்திலாவது அவர் சொல்லவும், மற்றவர் கேட்கவும் செய்தார்களே.

ஆவணி மாதம் கன்னிப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஓணம் கழிந்திருந்தது. காலையில் ஒரு மழை கொட்டி ஓய்ந்தபின், ஈரநெல்லைக் களத்தில் விரித்துவிட்டோம். தங்கை தலைப்பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்திருந்தாள். அவளுக்குக் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, வெயில் படாமல் ஓலைக்குடையும் வைத்திருந்தார்கள். நான் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். என் பிரசவத்தின்போது எனக்கு யாரும் நாற்காலி போட்டதாக நினைவில்லை.

“ஏக்கா, சத்தம் கேக்குதா?”

“காத்து.”

“காத்து இல்லக்கா. அவியதான்.”

கணவாயின் பக்கம் மேகம் திரண்டு, மலையின் முக்கால் பகுதியை மூடியிருந்தது. எங்கள் தலைக்கு மேலேயும் மேகம்தான்; இடையிடையே நீலம் தெரிந்தது. தெருவில் வழக்கம்போல் ஆட்கள் கூடினார்கள். ஆனால் சத்தத்தில் ஏதோ வேற்றுமை இருந்தது. கிழக்கிலிருந்து ஒன்றும் மேற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு இரைச்சல்கள் வந்தன.

மேகத்தின் ஓர் இடைவெளியில் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்தேன். கணவாயிலிருந்து வந்தது மூக்கைத் தாழ்த்தி இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கமிருந்து வந்தது மூக்கை நிமிர்த்தி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடம் இருந்தது என்று கீழிருந்து சொல்ல இயலாது. இடமே இல்லை என்றுதான் கண்ணுக்குத் தோன்றியது. இறங்கி வந்தது சட்டென்று ஒரு பக்கமாகப் புரண்டது. அதன் வயிறு முழுவதும், இரண்டு இறக்கைகளின் அடிப்பாகமும் எங்களுக்குத் தெரிந்தன. பிறகு மேகம் இரண்டையும் மூடிக்கொண்டது.

தெருவில் கைதட்டினார்கள்.

“பொண்டாட்டிக்கு வித்தை காட்டுதாரு பாரு” என்றாள் மதினி. “பிள்ளத்தாச்சியப் பயமுறுத்தலாமா மக்கா.”

நாற்காலி மண்ணில் சாய்ந்து கிடந்தது. தங்கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். இரைச்சல்கள் இரண்டும் விலகி விலகிப் போய், முற்றிலும் அடங்கும் வரை அவள் பிடியை விடவில்லை. இரண்டு சத்தங்களும் கேட்டன; அதனால் இரண்டும் பறக்கின்றன என்று நாங்கள் அறிந்துகொண்டோம். அன்று அந்த அறையில் பணியில் இருந்தவர் யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நடந்தது என்ன என்பதைப் பணி முடிந்து திரும்பிய என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். தங்கை கணவரின் விமானம் ஏழாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தது. கணவாயைத் தாண்டியதும் ஆறாயிரத்துக்கு இறங்கலாம் என்று அதற்கு முன்னமே அனுமதி இருந்தது. அதே வேளையில் தளத்திலிருந்து மதுரைக்கு ஒரு விமானம் கிளம்பியது. அதை ஆறாயிரத்தில் போகச் சொல்லியிருந்தார் என் கணவர். ஆகவே வருகிற விமானம் இறங்கக் கூடாது. “எதிரே விமானம் வருகிறது, கடக்கும்வரை ஏழாயிரத்தில் இரு” என்று உத்தரவிட்டார். வழக்கப்படி பெயர் சொல்லவில்லை. “கிடைத்தது” என்று வழக்கப்படி ஒற்றைச் சொல் பதில் வந்தது. மழைக்கால இரைச்சலில் குரல் அடையாளம் தெரியாது. தெரியவேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு அப்படிப் பதில் சொல்கிறவர் ஒருவர்தான்.

ஆனால் அன்று அந்தப் பதிலைச் சொன்னவர் வேறொருவர். கிளம்பிய விமானத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தவர், உத்தரவு தமக்குத்தான் என்று எண்ணி, அது வந்த விதமாகவே பெயரில்லாமல் பதில் சொல்லிவிட்டு, விமானியிடம் ஏழாயிரத்துக்கு ஏறச் சொன்னார். தங்கை கணவரும் உத்தரவைக் கேட்டார், பதிலையும் கேட்டார். எதிர் விமானம் ஏழாயிரத்துக்கு ஏறுகிறது என்றால், தாம் ஆறாயிரத்துக்கு இறங்கிவிடுவதே நல்லது என்று முடிவு செய்தார். மூவருமே தமக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள். ஒன்று ஏற, ஒன்று இறங்க, எங்கள் நெற்களத்துக்கு மேலே சந்தித்துக்கொண்டன.

“இனி என்ன செய்வாவ?” என்று கேட்டேன்.

“மெட்ராஸ்லேருந்து பெரிய ஆபீசர் வாறாரு. விசாரணை. எங்க ரெண்டு பேருல ஒருத்தனுக்கு உத்தியோகம் போவும்.”

“நீங்க என்ன சொல்லப்போறிய?”

அவர் சுவரைப் பார்த்தார். “பேரு சொல்லித்தான் சொன்னேன்னு சொல்லுவேன். இரைச்சல்ல யாருக்கு என்ன கேட்டுதுன்னு யாரு கண்டா?”

ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்த அந்த நாற்காலி ஒன்றுதான் அவருக்கு உலகத்தில் இருந்த மரியாதை. அது போய்விட்டால், மேளத்துக்குப் பின்னால் நடந்துபோன மனிதர் மட்டுமே மிஞ்சுவார். தங்கை கணவரின் உத்தியோகம் போனால்? நான் அதையும் எண்ணிப் பார்த்தேன். மதினி இனிமேல் யாரை அண்ணாந்து பார்ப்பாள் என்ற எண்ணம், துக்கத்தோடு மட்டும் வரவில்லை.

விசாரணைக்கு முன் அப்பா இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். உயிர் போகவிருந்த விஷயத்தையும் அவர்கள் தூணிடமே பேசினார்கள்.

“பேரு சொல்லிக் கூப்பிட்டிருந்தா கேக்கதுக்கு ஆளு இருந்துது” என்றார் தங்கை கணவர்.

“கேட்டதத் திருப்பிச் சொல்லணும்னு ஒரு சட்டம் இருக்கு. அது எல்லாருக்கும் உள்ளதுதான்” என்றார் என் கணவர்.

“அத்தான்” என்று தங்கை கதவுக்குப் பின்னாலிருந்து என் கணவரை அழைத்தாள். “பேரு சொன்னேன்னு நீங்க சொன்னா, இவியளுக்கு வேலை போயிரும். அதத்தான் கேக்கேன். சொன்னியளா?”

அவளுடைய கேள்வியில் சுற்றிவளைப்பு இல்லை. அந்தக் கூடத்தில் ஒருவர் மற்றொருவரை நேராக அழைத்துப் பேசியது நெடுநாட்களுக்குப் பிறகு அதுதான். என் கணவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும் துணிவும் அவளுக்கே வாய்த்ததே என்று எனக்குள் எரிந்தது.

விசாரணையில் அந்த அதிகாரி, பெயர் சொன்னாயா இல்லையா என்று கேட்கவே இல்லையாம். என் கணவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, “அன்று சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லும்” என்றாராம். என் கணவர் பெயரோடு சொல்வதற்காக மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கையை மேசைமேல் வைத்து வாயைத் திறந்தார். “எதிரே விமானம் வருகிறது” என்றுதான் வந்தது. இத்தனை நாள் பழகிய வாய், அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விட்டது. அதிகாரி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். என் கணவர், “இல்லை சார், அப்படித்தான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “அவர் என் சகலப்பாடி” என்றார். அதை அந்த அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல வெகுநேரம் ஆயிற்றாம்.

பிறகு தங்கை கணவரை உள்ளே அழைத்தார்கள். என் கணவர் சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் போனதும் போகாததுமாக, “திருப்பிச் சொல்லவேண்டியது என் கடமை. ஐயம் இருந்தால் யாருக்கு உத்தரவு என்று கேட்டிருக்கவும் வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. தவறு என்மேல்தான்” என்று சொன்னாராம்.

முடிவு வந்தது. இருவருக்கும் உத்தியோகம் தப்பியது. தங்கை கணவரைச் சில வாரம் பறக்கவிடாமல் நிறுத்திவைத்து, தாமாகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டதைப் பாராட்டித் திரும்பவும் விமானத்தில் ஏற்றினார்கள். என் கணவரை ஒலிவாங்கியிலிருந்து எடுத்து, பழுதான கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அவருடைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார்.

செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரு வடிவம் கிடைத்திருந்தது. “மூத்த சகலையக் காப்பாத்தணும்னு அவரு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாராம்லா” என்றாள் மதினி. “எம்புட்டுப் பெரிய மனசு. இப்பிடி ஒரு தங்கச்சி மாப்ள கெடைக்க நீ குடுத்துவச்சவ.”

நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சொன்னதும் உண்மை, தங்கை கணவர் சொன்னதும் உண்மை. ஒன்றுக்குத் தண்டனை என்று பெயர் வந்தது, மற்றொன்றுக்குப் பெருந்தன்மை. ஆகாயம், நாற்காலி, ஓலைக்குடை, மோட்டார் கார் எல்லாம் தங்கை வீட்டுக்குப் போயின. கடைசியில் தவறு செய்த பெருமைகூட அங்கேதான் போயிற்று. இதைச் சொன்னால் யார் புரிந்துகொள்வார்? அரிசியைப் புடைத்தேன்.

தங்கைக்கு ஆண்குழந்தை பிறந்தது. ஐப்பசி மழைக்கு இடையே வானம் வெளுத்திருந்த ஒருநாள், தங்கை கணவர் மீண்டும் பறக்கத் தொடங்கினார். என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். பழைய கருவிகளின் அறைக்கு இரவும் பகலும் ஆள் தேவையில்லை; ஆகவே அவருக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

சத்தம் கேட்டதும் தெரு கூடியது. தங்கை குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பா வீட்டு வாசலில் நின்றாள். நான் எங்கள் முற்றத்தில், துவைத்த வேட்டிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளிருந்து எழுந்து வந்து எனக்குச் சற்றுத் தள்ளி நின்றார். இத்தனை ஆண்டுகளில், பகலில், வீட்டு முற்றத்தில் நின்று அவர் அந்த விமானத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

கணவாய்க்கு மேலே அது புள்ளியாகத் தோன்றிப் பெரிதாகி வந்தது. எங்கள் தலைக்கு மேல் வந்தபோது அவர் வாய் அசைந்தது. முதலில் அந்த விமானத்தின் பெயரைச் சொன்னார், அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக. பிறகு நிறுத்தி, தாழ்ந்த குரலில், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

“பாத்துப் போ, தம்பி.”

விமானம் மேற்கே திரும்பி மறைந்தது. மதினி என்னமோ சொல்லிச் சிரித்தாள். நான் ஈரவேட்டியைப் பிடித்தபடி நின்றேன். அவருடைய வாயிலிருந்து அப்படி ஒரு விளி வரும் என்று நான் அறிந்ததில்லை. அத்தனை உயரத்தில், கேட்கவே முடியாத ஒருவரை அவர் கூப்பிட்டுவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இந்தா” என்றார் என்னை நோக்கித் திரும்பாமலே. “கொஞ்சம் தண்ணி வேணும்.”

நான் போய் எடுத்து வந்தேன்.